நான்கு கோர்களும் ஒன்றாக முடிக்க வேண்டும்: இணைக்கணிமையில் சுமையைப் பகிர்வது எப்படி?

செயலிக்குள் தனித்தனியே கணக்கிடும் அலகுதான் கோர். அப்படி ஒரு கோரில் 40 நிமிடம் ஓடும் நிரல் ஒன்று. நான்கு கோர்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்று காத்திருக்கிறோம். பதினேழரை நிமிடம் ஆகிறது. நிரலில் பிழை இல்லை, விடையும் சரியாகவே வருகிறது. நான்கு கோர்களுக்கும் ஒரே எண்ணிக்கையில்தான் வேலை கொடுத்தோம். அந்த "ஒரே எண்ணிக்கை"தான் கோளாறு.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். நூறு பேரும் ஒன்றாகத்தான் உட்காருகிறார்கள். ஆனால் மெதுவாகச் சாப்பிடும் பெரியவர் ஒருவர் மோர்ச்சோற்றை முடித்து இலையை மூடும்வரை அடுத்த பந்திக்கு இலை போட முடியாது. இணையாக ஓடும் நிரலின் வேகத்தையும் கடைசியாக முடிக்கும் கோர்தான் தீர்மானிக்கிறது. சுமைப் பகிர்வு என்பது வேலையைச் சமமாக வெட்டுவதல்ல, எல்லாரும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் எழுந்திருக்கும்படி செய்வது.

இந்த வழிகாட்டியில் பெரும்பாலும் சி, சி++, ஃபோர்ட்ரான் மொழிகளில் லூப்பின் சுற்றுகளை இழைகளுக்குப் பிரித்துத் தரப் பயன்படும் ஓப்பன்எம்பியை வைத்துப் பேசுகிறேன். 1997-இல் முதல் பதிப்பு வந்த அது, நினைவகத்தைப் பகிரும் கணினிகளுக்கு இன்றும் எளிய வழி. தேவைப்படும் இடத்தில் பைத்தானுக்குத் தாவுவேன். இழை, அதாவது த்ரெட், என்றால் என்ன என்பது உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: முதலில் அளந்து பாருங்கள், சரியாக அளந்து பாருங்கள்

"டாப்" கட்டளையிலோ டாஸ்க் மேனேஜரிலோ எல்லாக் கோர்களும் 100 சதவீதம் காட்டுகின்றனவே, அப்புறம் என்ன சமமின்மை என்று கேட்பவர்கள் உண்டு. நானும் ஒரு காலத்தில் அப்படிக் கேட்டு ஒரு வாரத்தை வீணாக்கியிருக்கிறேன். ஓப்பன்எம்பியில் தன் பங்கை முடித்த இழை உடனே தூங்கப் போவதில்லை. மற்றவர்கள் வந்துவிட்டார்களா என்று திரும்பத் திரும்பப் பார்த்தபடி வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும். இயங்குதளத்தின் கணக்கில் அதுவும் உழைப்பு. ஆகவே அந்தச் சதவீதத்தை நம்பாதீர்கள்.

ஒவ்வோர் இழையும் தன் பங்கைத் தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் தனித்தனியே குறிக்க வேண்டும். இதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ஓப்பன்எம்பி லூப் ஒவ்வொன்றின் முடிவிலும், எல்லாரும் வந்து சேரும்வரை காத்திருக்கும் ஒரு தடுப்பு கண்ணுக்குத் தெரியாமல் நிற்கிறது. அதைத் தாண்டிய பிறகு கடிகாரத்தைப் பார்த்தால் எல்லா இழைகளும் ஒரே நேரத்தைத்தான் காட்டும், சமநிலை அற்புதம் என்று ஏமாந்துபோவீர்கள். அளக்கும்போது மட்டும் லூப்புக்கு "நோவெயிட்" என்ற குறிப்பைச் சேர்த்து, தடுப்புக்கு முன்பே நேரத்தை எடுங்கள்.

பிறகு ஒரே ஒரு வகுத்தல்: மிக அதிக நேரம் எடுத்த இழையின் நேரத்தைச் சராசரியால் வகுங்கள். 1 வந்தால் முழுச் சமநிலை. 1.05 வந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு வேறு வேலை பார்க்கலாம். 1.3-க்கு மேல் போனால் தொடர்ந்து படியுங்கள்.

விகிதம் 1-க்கு அருகில் இருந்தும் நிரல் வேகம் பிடிக்கவில்லை என்றால் குற்றவாளி சமமின்மை அல்ல. 1967-இல் கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் சுட்டிக்காட்டிய கணக்கைப் பாருங்கள்: நிரலில் 5 சதவீதம் பிரிக்கவே முடியாத பகுதி என்றால், ஆயிரம் கோர்கள் போட்டாலும் 20 மடங்குக்கு மேல் வேகம் கிடைக்காது. அங்கே பகிர்வை எவ்வளவு நேர்த்தியாகச் செய்தும் பயனில்லை.

படி 2: சமமின்மை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

மருந்து இதைப் பொறுத்துத்தான் மாறும். சில வேலைகளில் எந்தப் பகுதி கனமானது என்பது முன்கூட்டியே தெரியும். ஆவணங்களை ஒன்றோடொன்று ஒப்பிடும் நிரலில் பத்தாவது ஆவணத்தை அதற்கு முந்தைய ஒன்பதோடு ஒப்பிட்டால் போதும், ஆயிரமாவதை 999 ஆவணங்களோடு ஒப்பிட வேண்டும். சிலவற்றில் செய்துபார்த்தால்தான் தெரியும். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரே சூத்திரத்தைத் திரும்பத் திரும்பப் போட்டு, மேண்டல்பிராட் கணத்தைப் படமாக வரையும் நிரல் இதற்குப் பழைய எடுத்துக்காட்டு: கணத்துக்கு வெகு வெளியே இருக்கும் புள்ளி சில சுற்றுகளில் ஓடிவிடும், உள்ளே இருக்கும் கறுப்புப் புள்ளி நீங்கள் வைத்த வரம்பு முழுவதையும் தின்றுவிடும். மூன்றாவது வகையில் கனம் ஓட ஓட இடம் மாறும். நான்காவதில் வேலை சமமாகவே இருக்கும், கோர்கள்தான் சமமாக இருக்காது.

படி 3: கனம் முன்பே தெரிந்தால், சீட்டுப் போடுவதுபோல் போடுங்கள்

ஒப்பிடும் நிரலையே எண்களாக்குவோம். ஆவணத்துக்கு ஒன்றாக 1000 வரிசைகள், எளிமைக்காக முதல் வரிசையில் 1 அலகு வேலை, இரண்டாவதில் 2, ஆயிரமாவதில் 1000. மொத்தம் 5,00,500 அலகுகள். நான்கு இழைகளுக்கும் சராசரியாக 1,25,125 வர வேண்டும்.

நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் பெரும்பாலான ஓப்பன்எம்பி கம்பைலர்கள் "ஸ்டாட்டிக்" முறையில் வரிசைகளை நான்கு தொடர்ச்சியான துண்டுகளாக வெட்டும். முதல் இழைக்கு 1 முதல் 250 வரை, 31,375 அலகுகள். இரண்டாவதற்கு 93,875. மூன்றாவதற்கு 1,56,375. நான்காவதற்கு 2,18,875. விகிதம் 1.75. நான்கு கோர்கள் போட்டும் கிடைக்கும் வேகம் 2.29 மடங்குதான். தொடக்கத்தில் சொன்ன பதினேழரை நிமிடம் இங்கிருந்துதான் வந்தது.

இப்போது துண்டளவை, அதாவது ஓர் இழைக்கு ஒரு தடவையில் கொடுக்கும் வரிசைகளின் எண்ணிக்கையை, 1 என்று வைத்து, சீட்டுக்கட்டைப் பிரித்துப் போடுவதுபோல் முதல் வரிசையை முதல் இழைக்கு, இரண்டாவதை இரண்டாவதற்கு, ஐந்தாவதை மறுபடி முதல் இழைக்கு என்று கொடுங்கள். முதல் இழைக்கு 1,24,750 அலகுகள், நான்காவதற்கு 1,25,500. விகிதம் 1.003. நிரலில் மாறியது ஒரே ஒரு எண். பூட்டு இல்லை, வரிசைப் பட்டியல் இல்லை, ஓடும்போது எந்தக் கூடுதல் செலவும் இல்லை.

இதற்கும் ஒரு விலை உண்டு. அடுத்தடுத்த விடைகளை வெவ்வேறு இழைகள் எழுதும்போது, அவை நினைவகத்தில் ஒட்டி உட்கார்ந்திருக்கும். இன்டெல், ஏஎம்டி செயலிகளில் தற்காலிக நினைவகமான கேஷ் 64 பைட் வரிகளாகத்தான் நகர்கிறது. ஒரு வரியில் எட்டு இரட்டைத் துல்லிய எண்கள் அடங்கும். நான்கு இழைகள் அந்த எட்டு எண்களில் ஆளுக்கு ஒன்றை எழுதினால் அந்த வரி கோருக்குக் கோர் பந்தாடப்படும். துண்டளவை 1-க்குப் பதில் 8 அல்லது 16 என்று வைத்தால் பெரும்பாலும் தீரும். எட்டு எட்டாகப் போட்டாலும் மேலே பார்த்த கணக்கில் சமநிலை பெரிதாகக் கெடாது.

படி 4: தெரியாவிட்டால், முடித்தவர் வந்து வாங்கிக்கொள்ளட்டும்

மேண்டல்பிராட் போன்ற வேலைகளுக்கு "டைனமிக்" முறை. வேலைகள் பொதுவான குவியலில் இருக்கும். கை காலியான இழை வந்து அடுத்த துண்டை எடுத்துக்கொண்டு போகும். ரேஷன் கடை வரிசை மாதிரி, யார் எவ்வளவு நேரம் எடுக்கிறார்கள் என்பதைக் கடைக்காரர் முன்பே தெரிந்துவைத்திருக்க வேண்டியதில்லை.

பெரும்பாலானவர்கள் இங்கே "டைனமிக்" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். துண்டளவைச் சொல்லாவிட்டால் ஓப்பன்எம்பி அதை 1 என்று எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறை குவியலுக்கு வருவதற்கும், பல கோர்கள் ஒரே எண்ணுக்குப் போட்டியிடும்போது, 100 நானோவினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றின் உண்மையான வேலை 50 நானோவினாடி என்றால், உழைப்பைவிட வரிசையில் நிற்பதுதான் அதிகம். துண்டளவை 1000 ஆக்குங்கள்: 50 மைக்ரோவினாடி வேலைக்கு ஒரே ஒரு 100 நானோவினாடிச் செலவு, அதாவது 0.2 சதவீதம்.

பெரிதாக்கிக்கொண்டே போகவும் கூடாது. கடைசித் துண்டை எடுத்த இழைக்காக மற்றவர்கள் காத்திருக்க நேரும் நேரம், மிஞ்சிப்போனால் ஒரு துண்டின் நேரம். துண்டுகள் ஏறத்தாழ ஒரே கனம் என்றால், ஓர் இழைக்குச் சராசரியாக 20 துண்டுகள் வரும்படி வெட்டினால் அந்தக் காத்திருப்பு 5 சதவீதத்துக்குள் அடங்கும். நான் 20-இல் தொடங்கி, இருமடங்காகவும் பாதியாகவும் மாற்றிப் பார்ப்பேன். மூன்று ஓட்டங்களில் விடை தெரிந்துவிடும்.

பைத்தானில் இதே பிரச்சினை வேறு முகத்தோடு வரும். மல்டிபிராசசிங் தொகுதியின் "பூல்" மேப் செய்யும்போது, நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால், வேலைகளை இயக்கிகளின், அதாவது இணையாக வேலை செய்யும் செயல்முறைகளின், எண்ணிக்கையைப் போல் நான்கு மடங்குத் துண்டுகளாகத்தான் வெட்டும். 1000 வேலைகள், 4 இயக்கிகள் என்றால் ஒரு துண்டுக்கு 63. வேலைக்கு ஒரு படம் என்று வைத்துக்கொண்டால், கனமான படங்கள் ஒரே கோப்புறையில் சேர்ந்திருக்கும்போது அவை அனைத்தும் ஒரே துண்டில் மாட்டிக்கொள்ளும். ஒவ்வொரு வேலையும் விநாடிக்கணக்கில் ஓடுமானால் துண்டளவு 1 என்று நீங்களே எழுதிக் கொடுங்கள். அங்கே சில மில்லிவினாடிச் செலவு ஒரு பொருட்டே அல்ல.

படி 5: எதை முதலில் எடுப்பது?

இந்த வழிகாட்டியில் ஒரு படியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

பதின்மூன்று வேலைகள். பன்னிரண்டு வேலைகளுக்குத் தலா ஒரு நிமிடம், பதின்மூன்றாவதற்கு 4 நிமிடம். நான்கு இழைகள். குவியலில் நீண்ட வேலை கடைசியில் இருந்தால், முதல் மூன்று நிமிடங்களில் சிறியவை அனைத்தும் முடிந்துவிடும். பிறகு ஓர் இழை மட்டும் 4 நிமிடம் உழைக்க, மூன்று பேர் வேடிக்கை பார்ப்பார்கள். மொத்தம் 7 நிமிடம். அதே நீண்ட வேலையை முதலில் எடுத்திருந்தால்? ஓர் இழை அதில் மூழ்கியிருக்க, மற்ற மூன்றும் பன்னிரண்டு சிறியவற்றை நான்கு நிமிடங்களில் முடித்திருக்கும். மொத்தம் 4 நிமிடம்.

கணிதவியலாளர் ரொனால்ட் கிரஹாம் 1966-இல் இதைக் கணித முறையில் நிறுவினார்: கை காலியானவர் அடுத்ததை எடுப்பது என்ற முறையில், வேலைகள் ஒன்றையொன்று சாராதபோது எவ்வளவு மோசமான வரிசை வந்தாலும் மிகச் சிறந்த ஏற்பாட்டின் நேரத்தைப்போல் இரண்டு மடங்கை எட்டாது. நான்கு செயலிகளுக்கு எல்லை 1.75 மடங்கு, மேலே உள்ள 7-க்கு 4 அதே எல்லையைத் தொட்டு நிற்கிறது. 1969-இல் அவரே காட்டியது: கனமானதை முதலில் எடுக்கும்படி அடுக்கிவிட்டால் எல்லை மூன்றில் நான்கு மடங்குக்குள் அடங்கும்.

துல்லியமான கனம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கோப்பின் அளவு, படத்தின் பரப்பு, நேற்றைய ஓட்டத்தில் எடுத்த நேரம் என்று கனத்தோடு ஏதோ ஒரு வகையில் ஒத்துப்போகும் எண் ஒன்று போதும். அதை வைத்து இறங்குவரிசையில் அடுக்கிவிடுங்கள். ஒரு வரி நிரல்.

ஓப்பன்எம்பியின் மூன்றாவது முறையான "கைடெட்"டுக்கு இந்த அறிவுரை தலைகீழ். பாலிகிரோனோபுலோஸ், குக் என்ற இருவர் 1987-இல் முன்வைத்த இந்த முறையில் முதல் துண்டு பெரிதாக இருக்கும், போகப் போகச் சிறுக்கும். மீதியை இழைகளின் எண்ணிக்கையால் வகுத்தது அடுத்த துண்டு. 1000 சுற்றுகளுக்கு நான்கு இழைகள் என்றால் 250, 188, 141, 106, 79 என்று இறங்கும். கேட்க அழகாகத்தான் இருக்கிறது: தொடக்கத்தில் குவியலுக்கு வரும் செலவு குறைவு, முடிவில் துண்டு சிறியது என்பதால் காத்திருப்பும் குறைவு. ஆனால் கனமான வரிசைகளை முன்னால் அடுக்கிவிட்டு இதைப் பயன்படுத்தினால், நம் ஒப்பீட்டு நிரலில் முதல் இழை அள்ளும் 250 வரிசைகளின் கனம் 2,18,875 அலகுகள். ஸ்டாட்டிக் கொடுத்த அதே 1.75. டைனமிக் என்றால் கனமானது முன்னால், கைடெட் என்றால் கனமானது பின்னால். இரண்டையும் குழப்பிக்கொண்டு கைடெட்டைத் திட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

படி 6: வேலையே வேலையைப் பெற்றால், திருடவிடுங்கள்

மரத்தைத் தேடுவது, வரிசைப்படுத்துவது, சதுரங்க நகர்வுகளை அலசுவது ஆகியவற்றில் குவியல் முன்பே இருக்காது. ஒரு வேலை இரண்டாகும், இரண்டு நான்காகும். எல்லாரும் ஒரே குவியலுக்கு வந்தால் அந்தக் குவியலே நெரிசல் பிடித்த சந்திப்பாகிவிடும்.

இதற்கு எம்ஐடியின் சில்க் திட்டத்தில் வளர்ந்த "வேலைத் திருட்டு" முறை இருக்கிறது. ஒவ்வோர் இழைக்கும் சொந்தமாக ஒரு பட்டியல். புதிதாகப் பிறந்த வேலையை அதன் ஒரு முனையில் வைத்து, அதே முனையிலிருந்து எடுத்துச் செய்யும். தன் பட்டியல் காலியானால் வேறோர் இழையைக் குருட்டாம்போக்கில் தேர்ந்து, அதன் பட்டியலின் எதிர்முனையிலிருந்து ஒன்றைத் திருடும். எதிர்முனையில் கிடப்பது பழைய வேலை. மரத்தில் பழையது என்றால் வேருக்கு அருகில் இருப்பது, அதாவது பெரியது. ஒரு திருட்டில் நெடுநேரத்துக்கான வேலை கிடைத்துவிடுவதால் திருட்டு அடிக்கடி நடக்காது. வேலை இருப்பவர் யாரையும் தேடி அலைய வேண்டியதில்லை, இல்லாதவர்தான் அலைகிறார்.

இதை நீங்கள் எழுத வேண்டாம். தயவுசெய்து எழுத வேண்டாம், நினைவக வரிசைமுறைப் பிழைகள் ஆளைக் கொன்றுவிடும். ஜாவாவில் 2011-இல் வந்த ஏழாம் பதிப்பிலிருந்து ஃபோர்க்-ஜாயின் இருக்கிறது. சி++ நிரலர்களுக்கு இன்டெலின் டிபிபி நூலகம், ரஸ்ட் மொழிக்கு ரேயான் நூலகம், கோ மொழியின் இயக்கச் சூழலே இப்படித்தான் ஓடுகிறது. உங்கள் பொறுப்பு ஒன்றுதான்: எந்த அளவுக்குக் கீழே வேலையைப் பிரிப்பதை நிறுத்துவது என்று முடிவு செய்வது. பத்து எண்களை வரிசைப்படுத்தப் புது வேலை பிறப்பிக்காதீர்கள்.

படி 7: பல கணினிகளுக்குப் போகும்போது தரவும் கூடவே பயணம் செய்யும்

இதுவரை வேலையை நகர்த்துவது ஏறத்தாழ இலவசம். கணினிகளுக்கிடையே செய்தி அனுப்ப உதவும் எம்பிஐ கொண்டு தனித்தனிக் கணினிகளில் ஓடும் நிரலில் அப்படியல்ல. வேலையை மாற்றினால் அதன் தரவையும் வலைவழியே அனுப்ப வேண்டும்.

ஆகவே இங்கே பகிர்வு என்பது இரண்டு ஆசைகளுக்கிடையே ஒரு பேரம்: கனம் சமமாக இருக்க வேண்டும், அக்கம்பக்கத்துத் தரவு ஒரே கணினியில் இருக்க வேண்டும். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் கரிப்பிஸும் விபின் குமாரும் உருவாக்கிய மெட்டிஸ் மென்பொருள் இதைத்தான் செய்கிறது. வலைப்பின்னலைக் கொடுத்தால், கனத்தைச் சமமாக வைத்துக்கொண்டு வெட்டுப்படும் இணைப்புகளைக் குறைத்துப் பிரித்துத் தரும்.

சில நேரம் பொருளைப் பற்றிய அறிவே போதும். உலக வானிலை மாதிரிகளில் சூரியக்கதிர் கணக்கு பகல் பக்கத்துக்கு மட்டும்தான். வரைபடத்தை அப்படியே வெட்டிக் கொடுத்தால், இந்தியாவை வைத்திருக்கும் செயலி நண்பகலில் திணறும்போது மெக்சிகோவை வைத்திருப்பது ஓய்வெடுக்கும். பன்னிரண்டு மணி நேரத்தில் நிலைமை மாறிவிடும். அமெரிக்காவின் வளிமண்டல ஆய்வு நிறுவனமான என்காரின் காம் என்ற வளிமண்டல மாதிரியில் இதற்கு ஒரு வழி இருக்கிறது: ஒரு காற்றுத் தூணையும் உலகின் மறுபக்கத்தில் 180 பாகை தள்ளி இருக்கும் தூணையும் ஒரே செயலியிடம் சேர்த்துக் கொடுக்கலாம். ஒன்றுக்குப் பகல் என்றால் மற்றதற்கு இரவு.

கனம் ஓட ஓட மாறினால் அவ்வப்போது மறுபகிர்வு செய்யத்தான் வேண்டும், எப்போது என்பது வெறும் வரவுசெலவுக் கணக்கு. மறுபகிர்வுக்கு 2 விநாடி ஆகிறது, அதனால் நிரலின் கணக்கில் ஒரு படிக்கு 0.05 விநாடி மிச்சம் என்றால் 40 படிகளுக்குப் பிறகுதான் லாபம். அதற்குள் கனம் மறுபடி இடம் மாறிவிடும் என்றால் தொடாதீர்கள். இந்தக் கணக்கைத் தானே போட்டுக்கொள்ளும் சூழல் வேண்டுமானால், இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உருவான சார்ம்++ இருக்கிறது. வேலையைச் செயலிகளைவிடப் பன்மடங்கு அதிகமான துண்டுகளாக்கி, ஓடும்போது அளந்து, துண்டுகளை இடம் மாற்றும்.

படி 8: கோர்களே சமமில்லை என்றால்

2021-இல் வந்த இன்டெலின் பன்னிரண்டாம் தலைமுறைச் செயலிகளில் ஐ9-12900கே எட்டு வேகமான கோர்களையும் எட்டு சிக்கனமான கோர்களையும் கொண்டது. கைப்பேசிகள் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இப்படித்தான். இங்கே ஸ்டாட்டிக் முறை, வேலை முழுச் சமமாக இருந்தாலும் தோற்கும். டைனமிக் அல்லது திருட்டு முறைக்கு மாறுங்கள், வேகமான கோர் தானாகவே அதிகம் எடுத்துக்கொள்ளும்.

ஒரே மாதிரிக் கோர்களிலும் இது நடக்கும். லாஸ் அலமோஸ் ஆய்வகத்தின் ஆஸ்கி க்யூ சூப்பர்கணினி எதிர்பார்த்த வேகத்தைத் தராமல் திணறியது. அதன் ஒவ்வொரு முனையிலும், அதாவது அதில் இணைந்த ஒவ்வொரு தனிக் கணினியிலும், நான்கு செயலிகள். அவற்றில் மூன்றை மட்டும் பயன்படுத்தினால் சில நிரல்கள் நான்கையும் பயன்படுத்தியதைவிட நன்றாக ஓடின! இயங்குதளத்தின் பின்னணி வேலைகள் எங்கோ ஒரு செயலியைச் சற்று நேரம் பிடித்துக்கொள்ள, ஆயிரக்கணக்கான மற்றவை தடுப்பில் காத்திருந்தன. அந்தப் பின்னணி வேலைகளை ஒழுங்குபடுத்தியதில் வேகம் இரண்டு மடங்கு வரை கூடியது என்று 2003-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். உங்கள் அளவீட்டில் ஒவ்வோர் ஓட்டத்திலும் வெவ்வேறு இழை பின்தங்குகிறது என்றால், உங்கள் நிரலைக் குடைவதற்கு முன் ஒரு கோரை இயங்குதளத்துக்கு விட்டுவைத்துப் பாருங்கள்.

படி 9: விடை மாறியிருக்கிறதா என்று பாருங்கள்

மறுபடி அளந்தாயிற்று, விகிதம் 1.04. அடுத்த நாள் ஒரே உள்ளீட்டுக்கு இரண்டு ஓட்டங்களில் கடைசி இலக்கங்கள் வேறாக வருகின்றன. இது பிழையல்ல. மிதவைப் புள்ளி எண்களை, அதாவது கணினி வைத்திருக்கும் தசம எண்களை, கூட்டும் வரிசை மாறினால் முழுமையாக்கும் பிழை மாறும். டைனமிக் முறையில் எந்த இழை எந்தத் துண்டை எடுக்கும் என்பது ஒவ்வொரு முறையும் மாறுவதால், இழைவாரியாகச் சேர்த்த கூட்டல்களும் மாறும்.

இதற்காக ஸ்டாட்டிக் முறைக்கே திரும்ப வேண்டியதில்லை. கூட்டலை இழைவாரியாக வைக்காமல் துண்டுவாரியாக வையுங்கள். 80 துண்டுகள் என்றால் 80 இடங்கள் கொண்ட ஓர் அணி, ஏழாவது துண்டை யார் செய்தாலும் விடை ஏழாவது இடத்தில். எல்லாம் முடிந்த பிறகு ஒரே இழை அந்த 80 எண்களையும் முதலிலிருந்து வரிசையாகக் கூட்டட்டும். துண்டளவை மாற்றாதவரை விடை கடைசி இலக்கம்வரை ஒன்றாகவே வரும்.